பார்த்தாச்சு

மிஸ் எங்கள் கிளினிக்குக்கு வந்த மூன்றாவது வியாழக்கிழமையே எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. பெஞ்சு நிறையத் தாய்மார் காத்திருக்க, இவர் குடையைத் தூக்கிக்கொண்டு ஒரு பாடசாலையின் கக்கூசைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டார். வாசலில் நின்று எல்லோரிடமும் ஏச்சு வாங்கியவள் நான்.

உக்குவளையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது எங்கள் பிள்ளைகள் கிளினிக். மற்ற நாட்களில் நிறை பார்ப்பது, ஊசி போடுவது. வியாழக்கிழமை மட்டும் மிஸ்ஸின் நாள். தூக்கத்தில் அலறுகிற பிள்ளை, திடீரென்று பேச்சை நிறுத்திய பிள்ளை, பாடசாலைக்குப் போக மறுக்கிற பிள்ளை என்று டொக்டர் துண்டு எழுதிக் கொடுத்தால் மிஸ்ஸிடம் வரவேண்டும். தாய்மார் அதை 'மனசு கிளினிக்' என்பார்கள். நான் அங்கே நம்பர் கொடுப்பவள், ஃபைல் எடுப்பவள், அழுகிற பிள்ளைக்கு மூக்குத் துடைப்பவள். மிஸ் மாத்தளை டவுன் முஸ்லிம், ஐம்பதை நெருங்கியவர். 'இருக்கு' என்பது அவர் வாயில் 'ஈக்கிது' என்றும் 'போயிட்டா' என்பது 'பெய்த்தா' என்றும் வரும். அவர் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

அந்தக் கக்கூஸ் விவகாரம் இதுதான். ஏழு வயதுப் பெண்பிள்ளை, வகுப்பில் உடுப்போடு மூத்திரம் போய்விடுகிறாள். "பிடிவாதம் மிஸ். நல்லா நாலு குடுத்தாச் சரியாகிரும்" என்றாள் தாய். பிள்ளையோ, கக்கூஸ் குழிக்குள்ளிருந்து ஒரு கை வருகிறது என்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. மிஸ் சிரிக்கவில்லை. "எந்தக் கக்கூஸ் மகள்? முதலாவதா, கடைசியா?" என்று கேட்டார். கடைசி என்றாள். மிஸ் எழும்பிவிட்டார்.

பின்னேரம் மூன்றரைக்குச் செருப்பெல்லாம் சேறாகத் திரும்பி வந்தார்.

"கை இல்ல தங்கச்சி. குழி ஈக்கிது. கீழ போட்ட சீமெந்து வெடிச்சு, காலை வெச்சா ஆடுது. அந்தப் பிள்ளை விழாம ஈந்தது அல்லாஹ்ட காவல்."

ஒரு வாரத்தில் அது திருத்தப்பட்டது. பிள்ளையும் திருந்தியது. அதிபர் மட்டும் அதற்குப் பிறகு மிஸ்ஸைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார் என்று கேள்வி.

மிஸ்ஸின் வேலை முறையே அதுதான். "பயந்த பிள்ளைய பிறகு பாப்பம். பயந்த சாமானை முந்திப் பாப்பம்" என்பார். இதை அவர் பெரிய தத்துவம் போலச் சொல்வதில்லை. உப்புப் போட்டாச்சா என்று கேட்கிற குரலில் சொல்வார். ஒவ்வொரு ஃபைலிலும் முதல் பக்கத்தில், போய்ப் பார்த்ததா என்று ஒரு கேள்வி இருக்கும். அதற்கு நேரே 'பார்த்தாச்சு' என்று எழுதிக் கையெழுத்து வைத்த பிறகுதான் பிள்ளையோடு வேலையைத் தொடங்குவார். அதற்கு முன் டொக்டரே வந்து நின்றாலும் சரி, தொடங்க மாட்டார்.

எல்லா இடத்திலும் எதையாவது கண்டுபிடித்தார் என்றில்லை. பலாபத்வலையில் ஒரு கடைக்காரர் வீட்டுப் பிள்ளை அலுமாரிக்குப் பயந்து அறைக்குள் போகாமல் கிடந்தது. நானும் கூடப் போயிருந்தேன். மிஸ் அலுமாரியிலிருந்த சேலை, சாரம், சுன்னத்துக்குத் தைத்து வைத்த உடுப்பு எல்லாவற்றையும் இறக்கிக் கட்டிலில் போடச் சொன்னார். பிறகு தானே அதற்குள் ஏறிக் குந்திக்கொண்டு, "கதவைச் சாத்துங்க" என்றார். வீட்டுக்காரம்மா என்னைப் பார்க்கிறார், நான் கூரையைப் பார்க்கிறேன். ஐந்து நிமிடம் கழித்து வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்.

"முழுக்கப் பாத்தேன் மகள். ஒண்டும் இல்ல. பூச்சி உருண்டை மணம் மட்டும்தான் ஈக்கிது."

அன்றைக்கே அந்தப் பிள்ளை அந்த அறைக்குள் போய் விளையாடியது. பஸ்ஸில் வரும்போது, "மிஸ், அதைத்தானே அவங்க வாப்பாவும் நூறு தரம் சொல்லியிருப்பாரு?" என்று கேட்டேன். "அவரு பாக்காமச் செல்லினாரு. பாக்காம ஒண்டும் இல்லைன்னு செல்றவங்களை பிள்ளைகள் நம்பாது. பாத்தவங்க செல்லினா உயிரையே தரும்" என்றார். நல்ல பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பேச்சுக்குள் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஆனால் சனம் மெல்ல மெல்ல அவருக்குப் பயப்படத் தொடங்கியது. ஒரு பிள்ளை ஒரு கடையைத் தாண்டிப் போக மறுத்தது. மிஸ் அந்தக் கடை வாசலில் போய்ச் சும்மா ஒரு மணித்தியாலம் நின்றார். திரும்பி வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கடிதம் எழுதினார். அடுத்த மாதம் அந்தக் கடை பூட்டிக் கிடந்தது, கடைக்காரனைப் பொலிஸ் கொண்டுபோயிருந்தது. அதற்குப் பிறகு, தோட்டத்தில் நான் குடியிருந்த லயத்துப் பக்கத்துக் காம்பராக்காரி சொன்னாள்: "அந்தம்மா படியேறி வந்தாப் பல்லி சொன்ன மாதிரி. ஏதோ ஒண்ணு இருக்கும்." தாய்மார் பிள்ளையைக் கொண்டுவருவார்கள், ஆனால் மிஸ் வீட்டுக்கு வருகிறேன் என்றால் முகம் மாறிவிடும்.

நாலாவது வருடம் மிஸ்ஸின் முழங்கால் வீங்கியது. டவுன் வீடுகளுக்கு ஆட்டோவில் போவார். தோட்டத்து லயங்களுக்கு ஏற முடியவில்லை. ஒருநாள் என்னிடம் ஃபைலை நீட்டினார்.

"தங்கச்சி, நீங்க தோட்டத்துப் பிள்ளை. உங்களுக்குத்தான் விளங்கும். நீங்க பாத்தா நான் பாத்த மாதிரி."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவளுக்கு ஃபைலில் எழுதிக் கையெழுத்து வைக்கிற அதிகாரம். முதல் இரண்டு மாதம் ஒழுங்காகத்தான் போனேன். கோழிக் கூட்டுக்குள் நாகம், பிள்ளை தூங்குகிற இடத்தில் கரண்ட் அடிக்கிற வயர் என்று இரண்டு மூன்று கண்டுபிடித்தேன். மிஸ் என் தோளைத் தட்டினார்.

பிறகு மழைக்காலம் வந்தது. ஒன்றின் பின் ஒன்றாகத் தோட்டத்துப் பிள்ளைகள் ஒரே கதையோடு வந்தன. அடுப்பெரிக்கிற குசினிப் பக்கம் படுக்க மாட்டேன். சுவருக்குப் பின்னால் யாரோ நடக்கிறார்கள். மண் பேசுகிறது.

நான் போய்ப் பார்த்தேன். என்ன இருந்தது என்று எனக்குப் போகாமலே தெரியும். எங்கள் லயங்களில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, முன்னால் ஒரு துண்டு வாசல். பிள்ளைகள் வளர்ந்தால் படுக்க இடமில்லை. ஆகவே லீவு நாட்களில் ஆம்பிளைகள் அலவாங்கும் மம்பட்டியும் எடுத்துப் பின்பக்க மலையை வெட்டிக் குசினியைப் பெருப்பிப்பார்கள். தோட்டத்து ஒஃபிஸுக்குத் தெரியாமல் வெட்டிய இடத்தைப் தார்ப்பாய்ப் படங்கு போட்டு மூடி, முன்னால் விறகு அடுக்கிவிடுவோம். மண்ணைத் தாங்க மேலே அணை இல்லை, கீழே கால் இல்லை. மலை சும்மா நிற்கிறது. அதிகாரிகள் கண்டால், மண் சரியும், இங்கே இருக்கக்கூடாது என்று சிவப்பு நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். ஒட்டினால் அன்றைக்கே பாடசாலை மண்டபத்துக்குப் போகவேண்டும். அங்கே போனவர்களுக்கு வீடு வரும் என்பார்கள். வந்ததை நான் கண்டதில்லை. அதனால் எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு: லயத்து விசயம் லயத்தோட.

நான் படங்கைத் தூக்கிப் பார்ப்பேன். மண்ணில் வெடிப்பு இருக்கும். வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொள்வாள். "அக்கா, நீங்களும் லயத்துல இருக்குறவங்கதானே." கிளினிக்குக்கு வந்து 'பார்த்தாச்சு, ஒன்றும் இல்லை' என்று எழுதுவேன். பிறகு சில லயங்களுக்குப் போகவே இல்லை. போனாலும் அதைத்தானே எழுதப்போகிறேன்.

மிஸ் என் கையெழுத்தைப் பார்ப்பார். ஃபைலை மூடிவிட்டுப் பிள்ளையோடு வேலையைத் தொடங்குவார். வயிற்றில் கையை வைத்து மூச்சை இழுத்து விடவேண்டும். சத்தம் கேட்டால் ஓடக்கூடாது, பத்து வரை எண்ணவேண்டும். எண்ணி முடிய பயம் போய்விடும். அவர் அதைச் செய்விக்கிற அழகே அழகு. பிள்ளைகள் தூங்கத் தொடங்கின. தாய்மார் வாழைக்குலையும் மிளகுப் பொட்டலமும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்தக் கார்த்திகையில் என் மகள் கவிஷாவும் தொடங்கினாள். அவளுக்கு எட்டு வயது. "அம்மா, செவத்துக்குள்ள யாரோ பல்லுக் கடிக்கிறாங்க." எங்கள் குசினியை என் புருஷன் இரண்டு தீபாவளிக்கு முன்பு மூன்றடி பெருப்பித்திருந்தார். விறகுக்குப் பின்னால் நான் போய்ப் பார்க்கவில்லை. கோயிலில் நூல் கட்டினேன், நிற்கவில்லை. பிள்ளை கண் குழிந்துபோனது. கடைசியில் மிஸ்ஸிடம் கொண்டுபோனேன்.

"செவரைப் பாத்தீங்களா தங்கச்சி?"

"பாத்தேன் மிஸ். எலி."

அவர் ஃபைலை என் பக்கம் திருப்பினார். என் பிள்ளையின் ஃபைலில், என் கையாலேயே, பார்த்தாச்சு என்று எழுதினேன்.   எங்கள் லயத்து ஆறு குடும்பம் என் வாயால் ரோட்டுக்கு வரவேண்டுமா என்று நினைத்தேன்.

கவிஷா மிஸ்ஸிடம் வந்த ஐந்தாவது வியாழக்கிழமை. வெளியே விடாத மழை. கவிஷா மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் காலை ஆட்டிக்கொண்டு இருந்தாள். நன்றாகச் சதை பிடித்திருந்தாள்.

"எப்படி மகள் இப்ப?"

"நல்லாத் தூங்குறேன் மிஸ்."

"பல்லுக் கடிக்கிற சத்தம் பெய்த்தா?"

"இல்ல மிஸ். இப்ப கூடக் கேக்குது. பகல்லயும் கேக்குது. பத்து எண்ணுவேன். நிக்காட்டி திரும்ப எண்ணுவேன். எனக்குப் பயமில்ல."

மிஸ் பேனையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் ஃபைல்களை அடுக்குவது போல நின்றேன். அவர் குடையை எடுத்தார்.

நான் வாசலை மறித்துக்கொண்டு, "மிஸ், ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க. மழை வேற. உங்களுக்குக் கால் ஏலாதே" என்றேன்.

"ஏலும்" என்றார்.

ஆட்டோ போகக்கூடிய இடம் வரை போய், மிச்சத்தை நடந்து ஏறினோம். கவிஷா அவர் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாகக் காட்டிக்கொண்டு போனாள். மிஸ்ஸைக் கண்டதும் லயத்தில் ஒவ்வொரு கதவாகச் சாத்துவது கேட்டது. பிள்ளை படுக்கிற பாயை மிஸ் பார்த்தார். குசினிக்குள் போனார். விறகைத் தள்ளினார், படங்கைத் தூக்கினார்.

கை நுழையக்கூடிய வெடிப்பு. அதன் அடியிலிருந்து தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் கசிந்தது. மிஸ் உள்ளங்கையை மண்ணில் வைத்தார். யாரும் பேசாத அந்த நேரத்தில் நானும் கேட்டேன். பிள்ளை சொன்னது சரி. பல்லைக் கடிக்கிற சத்தம்தான். 

"எத்தின வீடு இப்பிடி வெட்டியீக்கிது?"

"ஆறும் மிஸ்."

இறங்கிப் போகச் சொன்னால் யார் கேட்பார்கள். பக்கத்துக் காம்பராக்காரி வாசலில் நின்று என்னைக் கிழித்தாள். "உன் பிள்ளைக்கு மூளை சரியில்லேன்னா நாங்க எதுக்குடி ரோட்டுக்குப் போகணும்? இவளைக் கூட்டிக்கிட்டு வந்தியே, நல்லா இருப்பியா நீ?" என் புருஷனும் தலையைக் குனிந்துகொண்டு நின்றாரே தவிர ஒரு சாமானைத் தூக்கவில்லை.

மிஸ் ஒரு பலகைக்கட்டையை இழுத்துப் போட்டு, அந்த மண்ணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் குசினிக்குள் உட்கார்ந்துவிட்டார். "ஆறு வீடும் இறங்கட்டும். பிறகு நான் எழும்புறேன்." அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. கால் வலியில் முகம் மட்டும் வெளிறியிருந்தது.

எங்கள் சனம் அதிகாரிக்கு மசியாது, ஆனால் வீட்டுக்கு வந்த மனுசியை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு நிற்க அதற்கு மனம் வராது. முதலில் ஏசினார்கள். பிறகு கெஞ்சினார்கள். ஒரு மணித்தியாலத்தில் சட்டி பானை, ரேஷன் அரிசி, டீவி எல்லாம் தலையில் ஏறின. கடைசிக் குடும்பம் படியிறங்கிய பிறகுதான் மிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். அவருடைய சேலை முதுகெல்லாம் ஈரம்.

பொழுது சாயும்போது மலை வந்தது. பாடசாலை மைதானத்தில் நின்று பார்த்தோம். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, லொறி கல் கொட்டுகிற மாதிரிதான். என் குசினியும் கவிஷாவின் பாயும் இருந்த இடத்தில் கொக்கோ மரம் ஒன்று வேரோடு நின்றது. என்னைக் கிழித்தவளே மிஸ்ஸின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். மிஸ் அவளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். உள்ளே தோட்டத்துப் பிள்ளைகளின் ஃபைல்கள். சின்ன வகுப்புக் கதிரை ஒன்றில் உட்கார்ந்து அவற்றை என் முன்னால் வைத்தார்.

"தங்கச்சி, பாக்காம எழுதினது எது, பாத்தும் மறைச்சது எது, பிரிச்சுத் தாங்க."

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பார், அவர் அப்படிப்பட்டவர்தான். பிரித்தேன். கட்டு சின்னதாக இல்லை. மிஸ் ஒவ்வொரு பெயராக வாசித்தார். "இந்தப் பிள்ளைகள் எல்லாத்துக்கும் நான்தானே பத்து எண்ணப் படிப்பிச்சது" என்றார். என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு ஃபோனை எடுத்துக் கிராம சேவகர், தோட்டத்து ஒஃபிஸ், பொலிஸ் என்று ஒவ்வொரு இடமாகச் சொன்னார். பெரும்பாலான லயங்களுக்கு ஆள் போய்விட்டது. ஒன்றுக்கு மட்டும் ஃபோன் எடுபடவில்லை. நாங்கள் இருவரும் நடந்தோம். நான் பிடிக்கக் கையை நீட்டினேன், அவர் குடைக்கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தார்.

நாங்கள் போய்ச் சேரும்போது அந்த லயத்தில் மண் விழுவதைக் கண்டு யாரோ விசில் ஊதிச் சனம் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசிக் காம்பராவில் மட்டும் ஒரு தாய், இடுப்பில் கைக்குழந்தையோடு, போவதா நிற்பதா என்று தெரியாமல் வாசலில் நின்றாள். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"நல்லவேளை வந்தீங்க அக்கா. எல்லாரும் ஓடுறாங்க. நீங்கதான் வந்து பாத்துட்டு ஒண்ணுமில்லேன்னு சொன்னீங்களே. உள்ள பெரியவனும் அதையே சொல்லிக்கிட்டு எழும்ப மாட்டேங்கிறான்."

உள்ளே குசினி மூலையில், வெட்டிய மண்ணோடு முதுகைச் சாய்த்து, ஒன்பது வயதுப் பையன் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் படங்குக்குள் சின்னக் கற்கள் பொலபொலவென்று விழுந்துகொண்டிருந்தன. போன மாதம் நான் அவனுக்கு ஒரு டொபி கொடுத்து, படங்கைத் தூக்கிப் பார்த்து, ஒன்றுமில்லை தம்பி என்று சொல்லியிருந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா, நீங்க பாத்துட்டீங்கதானே? அம்மாகிட்டச் சொல்லுங்க."

மிஸ் என் பக்கம் திரும்பினார். "செல்லுங்க" என்றார்.

"நான் பொய் சொன்னேன் தம்பி" என்றேன். "பாத்தேன். வெடிப்பு இருந்துச்சு. இருக்குன்னு சொல்லாம விட்டுட்டேன். எழும்பி வா சாமி."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அவனுடைய உதடு கோணியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றில் கையை வைத்து, ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினான். மிஸ் குடையைப் போட்டுவிட்டு அந்த வீங்கிய காலோடு உள்ளே குனிந்து அவனை வாரித் தூக்கினார். நான் தாயை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வாசலைத் தாண்டும்போது அவன் பத்துக்கு வந்திருந்தான். கண்ணைத் திறக்காமல், மிஸ்ஸின் தோளில் கிடந்தபடி, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினான்.